பழம் சீட்

புஷ்பவல்லியைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. காப்பார் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில் அவள் வேன் ஆன்டி. பிள்ளைகளுக்கும் வேன் ஆன்டி, பெற்றோருக்கும் வேன் ஆன்டி. அந்தப் பெற்றோரில் சிலரையே சிறு வயதில் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவள் அவள். இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த கையோடு அவள் இறந்துபோனாள். இரங்கல் செய்தியில் பெயரை மட்டும் படித்தவர்களுக்கு யாரென்று தெரியவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின.

அவளுடைய கணவர் கிள்ளான் துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டியவர். இடுப்பில் அடிபட்டு அவர் வீட்டோடு முடங்கியதும், அதுவரை கார்கூட ஓட்டியிராத புஷ்பவல்லி உரிமம் எடுத்து, பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கினாள். அப்போது பள்ளி வாசலில் நின்ற வேன்காரர்கள் எல்லாரும் ஆண்கள். முதல் நாளே ஒருவர் கேட்டார்.

"அக்கா, ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?"

"முன்னால போறதுக்கே நேரம் பத்தலண்ணே. பின்னால போய் என்ன செய்யப் போறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அவளுக்கு வண்டி நிறுத்த இடம் பிடித்து வைத்ததே அவர்தான். கேலியை இப்படித்தான் முடிக்க வேண்டும், திருப்பி ஒரு வார்த்தை, கூட ஒரு சிரிப்பு என்று அவள் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அது பலித்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

வேனில் அவள் வைத்ததுதான் சட்டம். பை மடியில் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கை நீளக் கூடாது. ஐஸ்கிரீம் கையோடு ஏறக் கூடாது. சண்டை போட்டால் பழம் சீட்.

பழம் சீட் என்பது ஓட்டுநருக்கு நேர் பின்னால், இரண்டு பிள்ளைகள் உட்காரும் சிறிய இருக்கை. தொழில் தொடங்கிய புதிதில், ஒரு குடைக்காக இரண்டு சிறுமிகள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"காய் விட்டாச்சு ஆன்டி! செத்தாலும் இவகூட பேசமாட்டேன்!"

"காய் விட்டாச்சா? சரி. ரெண்டு பேரும் எனக்குப் பின்னால வந்து ஒக்காருங்க. பழம் விடுற வரைக்கும் இதான் உங்க சீட்டு."

மேரு சாலைச் சந்திப்பைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துவிட்டது. பல வருடம் கழித்து அந்த இருவரில் ஒருத்தியின் கல்யாணத்தில், மற்றவள் தோழியாக நின்று ஒலிபெருக்கியில் அந்தக் கதையைச் சொன்னாள். "எங்கள ராசியாக்குனது வேன் ஆன்டிதான்!" மண்டபமே கை தட்டியது. புஷ்பவல்லி அந்தக் கைதட்டலை விடவே இல்லை. பாசாரில், கோயிலில், கிளினிக்கில் வரிசையில் நிற்கும்போது என்று யார் கிடைத்தாலும் சொன்னாள். பெற்றோர்களும் வேனைப் பற்றிப் பேசும்போது அதைத்தான் முதலில் சொன்னார்கள். வேலை செய்கிற ஒன்றை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

கிஷன் முதலாம் ஆண்டிலிருந்து அவளுடைய வேனில் வந்தவன். ஆறாம் ஆண்டில் அவளுடைய தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். சின்னப் பிள்ளைகளைக் கை பிடித்து ஏற்றுவான், அவர்கள் பையை வாங்கி வைப்பான், கதவைச் சரியாக இழுத்து மூடுவான். அவள் அவனுக்குக் கேப்டன் என்று பட்டம் கொடுத்திருந்தாள்.

"கேப்டன், எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு ஆன்டி. ஜாலான், போலாம்!"

வீட்டுக்கு வந்தாலும் அவன் பேச்சுதான். "இப்படி ஒரு பையன் இருந்தா எனக்குக் கவலையே இல்ல" என்பாள். அவளுடைய ஒரே பெண் மலர்விழி சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளர். "அப்ப நான் யாரும்மா?" என்று கேட்பாள். "நீ பையனா?" என்பாள் புஷ்பவல்லி. அதோடு பேச்சு முடியும்.

குகன் ஆண்டு நடுவில் வந்து சேர்ந்தான். நான்காம் ஆண்டு. அப்பா நாகையா கிள்ளான் பாசாரில் மீன் விற்பவர். அம்மா தனலெட்சுமிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒல்லியான பையன், ஆனால் வாய் ஓயாது. முதல் வாரம் முழுக்க அவளுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தான்.

"ஆன்டி, மீன் வாங்குறப்ப கண்ணப் பாக்கணும். குழி விழுந்திருந்தா வாங்காதீங்க."

"அப்படியா? இத்தன நாளா என்னை ஏமாத்திட்டானுங்களேடா."

"எங்கப்பாகிட்ட வாங்க ஆன்டி. ஏமாத்த மாட்டாரு."

அதிகாலையில் மீன் இறக்கி வைத்துவிட்டு, அதே மோட்டார் சைக்கிளில்தான் நாகையா வீட்டுக்கு வந்து, மகனை எழுப்பி வாசலில் நிறுத்துவார். அவர் கட்டி அணைத்து அனுப்பும்போது கொஞ்சம் வாடை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வாரம் கிஷன் மூக்கைப் பிடித்தான்.

"அடேய், ஜன்னலத் தொறங்கடா! இக்கான் பிலிஸ் ஏறிடுச்சு!"

நெத்திலி என்றதும் வேனே குலுங்கச் சிரித்தது. புஷ்பவல்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், போதும்டா" என்றாள். அந்தக் குரலிலும் சிரிப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு அது அனுமதி.

அதன் பிறகு குகன் ஏறும்போதெல்லாம் யாராவது மெதுவாக "மியாவ்" என்றார்கள். சில நாளில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். "ஒங்க வீட்டுல சோப்பு இல்லியாடா?" "ஒங்கப்பா ஐஸ் பெட்டியிலயா படுப்பாரு?" புஷ்பவல்லிக்கு மியாவ் கேட்டது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். ஒருநாள் அவன் முகம் சுருங்கியிருப்பதைப் பார்த்து, இறங்கும்போது சொல்லிக் கொடுத்தாள்.

"நீயும் திருப்பி ஒண்ணு சொல்லுடா. சொல்லிட்டு சிரிச்சிரு. அப்புறம் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

மறுநாள் அவன் முயன்று பார்த்தான். "நீங்கதான் பூனைங்க" என்றான். குரல் நடுவில் உடைந்தது. சிரிப்பு இரண்டு மடங்கானது. அன்றோடு அவன் பேச்சை நிறுத்தினான். இடம் பழகிவிட்டது, அதனால் அடங்கிவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் பள்ளி விட்டுத் திரும்பும் வழியில், கிஷன் குகனுடைய பையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்து, வாந்தி எடுப்பதுபோல் நடித்து, பின் வரிசைக்குத் தூக்கிப் போட்டான். பை கை மாறிக் கை மாறிப் போனது. குகன் தண்ணீர்ப் போத்தலால் கிஷனின் நெற்றியில் ஓங்கி அடித்தான். கண்ணாடியில் புஷ்பவல்லி நிமிர்ந்து பார்த்தபோது தெரிந்தது அந்த அடி மட்டும்தான்.

வண்டியை ஓரம் கட்டினாள். கிஷனின் புருவத்துக்கு மேல் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

"பரவால்ல ஆன்டி. வலிக்கல" என்றான் அவன்.

"குகா, சாரி சொல்லு."

"ஆன்டி, அவன்தான் என் பேக்க..."

"யாரு ஆரம்பிச்சதுன்னு நான் கேக்கல. யாரு கை நீட்டுனது?"

குகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்ல மாட்டியா? சரி. ரெண்டு பேரும் பழம் சீட். இவன் சாரி சொல்ற வரைக்கும் அதான் எடம். கேப்டன், நீ பாத்துக்க."

"சரி ஆன்டி."

குகன் ஜன்னல் ஓரம். கிஷன் வெளிப்பக்கம். போக வேண்டுமென்றால் கிஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். வாரங்கள் போயின. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. புஷ்பவல்லி வானொலியை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்வரிசைகளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. குகன் மட்டும் சாரி சொல்லவில்லை. பிடிவாதக்காரன் என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

காலையில் அவனுக்கு வயிற்றுவலி என்று தனலெட்சுமி சொன்னாள். பசியாறாமல் வருகிறான் என்றாள். ஒருநாள் மதியம் வேனிலேயே அவன் கால்சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்லடா" என்று புஷ்பவல்லி கடிந்துகொண்டாள்.

"நான் தொடச்சிர்றேன் ஆன்டி" என்று கிஷன் டிஷ்யூவை எடுத்தான்.

"பாத்தியா குகா? எவ்ளோ நல்ல பையன். அவன்கிட்ட ஒரு சாரி சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ?"

அதற்கடுத்த வாரம் குகன் ஏற மறுத்தான். வீட்டுக் கதவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நாகையா அதற்குள் பாசாருக்குத் திரும்பியிருந்தார். தெருமுனையில் தனலெட்சுமியின் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. அவள் மகனைக் கெஞ்சினாள், அதட்டினாள், பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போங்கம்மா, நான் பாத்துக்குறேன்" என்று புஷ்பவல்லி இறங்கினாள். "ஏன்டா, வேன்ல பேயா இருக்கு?"

கம்பியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தூக்கினாள். வயதுக்கு எடையே இல்லை. அவன் அழவில்லை, உதறவில்லை. பிடி விட்டதும் உடம்பு தளர்ந்துபோனது. அவனைக் கொண்டுபோய்ப் பழம் சீட்டில் உட்கார வைத்தாள். கிஷன் காலை மடக்கி இடம் கொடுத்தான்.

பிற்பாடு அவள் மலர்விழியிடம் மீண்டும் மீண்டும் சொன்னது இந்தக் காலையைத்தான். மியாவை அல்ல, வானொலியை அல்ல. "வெரல ஒண்ணொண்ணா பிரிச்சேன்டி" என்பாள். சொல்லும்போது தன் விரல்களைத் தானே பிரித்துக் காட்டுவாள்.

ஒரு சனிக்கிழமை, பாசார் முடிந்ததும் நாகையா வந்தார். ரப்பர் பூட்ஸோடு வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, தொலைபேசியை நீட்டினார். படத்தில் ஒரு பிள்ளையின் தொடை. உள்பக்கம் முழுக்க நகக்குறிகள். சில சிவப்பு, சில நீலம், சில மஞ்சளாகிப்போனவை.

"நேத்து அவன் தூங்குறப்ப கால்சட்டை ஒதுங்கியிருந்துச்சு. அவங்கம்மா பாத்துட்டா."

"ஐயோ, யாரு செஞ்சது? ஸ்கூல்லயா?"

"வேன்ல, ஆன்டி."

"என் வேன்லயா? நான் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான வரேன்!"

"ஒங்க முதுகுக்குப் பின்னாலன்னு சொல்றான்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல? கைக்கெட்டுற தூரத்துலதான ஒக்காந்திருக்கான்? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

நாகையா குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதான அங்க ஒக்கார வச்சீங்க."

அவள் வேன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ராசியாக்கி வுடுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நாங்களும் நம்புனோம். வரமாட்டேன்னு நின்னவன ஏறு ஏறுன்னு நாங்களும்தான் தள்ளுனோம்." தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழமலேர்ந்து நானே வுட்டுக்குறேன் ஆன்டி."

அவர் போன பிறகு புஷ்பவல்லி மலர்விழியைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். தான் பழம் சீட்டில் போய் உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் உயரத்துக்கு உடம்பைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியுதா?"

"இல்லம்மா."

"நல்லா பாரு."

மலர்விழி கண்ணாடியைக் கீழே திருப்பினாள், பக்கத்துக்குத் திருப்பினாள், அவள் அம்மா உட்காரும் விதமாகச் சாய்ந்து பார்த்தாள். பின்வரிசைகள் முழுதாகத் தெரிந்தன. கடைசி ஜன்னலில் ஒட்டியிருந்த படம்கூடத் தெரிந்தது. நேர் பின்னாலிருந்த இருக்கையை அவளுடைய தோளும் இருக்கையின் தலைச்சாய்வும் மறைத்தன.

"பெரியவங்கன்னா உச்சந்தல தெரியும். பிள்ளைங்கன்னா ஒண்ணும் தெரியாது. கண்ணாடிய எப்படி வச்சாலும் தெரியாதும்மா."

"கிட்டத்துல இருக்குன்னு நெனச்சேன்."

"கிட்டத்துலதான் இருக்கு."

புஷ்பவல்லி எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரிவது ஓட்டுநர் இருக்கையின் முதுகு மட்டும்தான். ஜன்னல் பக்கமாக அதன் உறை கிழிந்து, உள்ளிருந்த பஞ்சு கிள்ளிக் கிள்ளி எடுக்கப்பட்டிருந்தது. ஒரு விரல் நுழையும் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாகக் கிஷனை ஏற்றி, முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். வண்டியை எடுக்கவில்லை.

"குகன என்னடா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல ஆன்டி."

"அவன் கால நான் பாத்தேன்."

கிஷன் டாஷ்போர்டைப் பார்த்தான். பிறகு அழத் தொடங்கினான்.

"நீங்கதான ஆன்டி சொன்னீங்க."

"நான் என்னடா சொன்னேன்?"

"சாரி சொல்ற வரைக்கும் பாத்துக்கன்னு. நான் சொல்லு சொல்லுன்னுதான் சொன்னேன். அவன் சொல்லவே மாட்டேங்குறான்."

"அதுக்குக் கிள்ளுவியா?"

"நீங்க ரேடியோவ சத்தமா வைப்பீங்க. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அதில் சாக்கும் இருந்தது, உண்மையும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவனைத் திட்டாமல் வண்டியை எடுத்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைப் பூட்டிக்கொண்டு, நேராகப் பள்ளிக்குள் போனாள்.

ஆலோசக ஆசிரியை குமுதா, முன்பு வேறு பள்ளியில் இருந்து மாறி வந்தவர். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். புஷ்பவல்லி, தான் சொன்னதையும் செய்ததையும் விடவில்லை. கடைசியில் கேட்டாள்.

"ரெண்டு பேரையும் கூப்புட்டு, ஒங்க முன்னால கை குலுக்க வச்சிருங்க டீச்சர். முடிஞ்சிரும்."

"அதச் செய்யவே கூடாது ஆன்டி."

"ஏன்?"

"சண்டைன்னா ரெண்டு பேரும் சமமா நிப்பாங்க. அப்ப ராசியாக்கலாம். இது பகடிவதை, புல்லி பண்றது. இங்க ஒருத்தன் பயந்து போயிருக்கான். பயந்தவன பயமுறுத்துனவன் பக்கத்துல ஒக்கார வச்சா, அவன் என்ன நெனப்பான்? பெரியவங்களும் அந்தப் பக்கம்தான்னு நெனப்பான். அதுக்கப்புறம் யார்கிட்ட போய் சொல்லுவான்?"

புஷ்பவல்லி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரையும் தனித்தனியா பாக்கணும். குகன்கிட்ட மொதல்ல சொல்ல வேண்டியது, நீ சொன்னத நம்புறோம், உன் மேல தப்பு இல்ல, அவ்வளவுதான். கிஷன்கிட்ட அவங்க அப்பா அம்மாவ வச்சுக்கிட்டுப் பேசணும். அவன வெரட்டி விட்டா வேற எடத்துல போய் செய்வான். சிரிச்ச பிள்ளைங்களையும் விடக் கூடாது. சிரிக்கலன்னா அடுத்தது நம்மதான்ங்கிற பயத்துலயே பாதிப் பேர் சிரிக்கும்."

"நானும் சிரிச்சேன் டீச்சர்."

குமுதா அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"அப்ப நான் இத்தன வருசமா செஞ்சதெல்லாம்?"

"சண்டைக்கு அது சரியா இருந்திருக்கும் ஆன்டி."

இருந்திருக்கும் என்று ஆசிரியை ஆறுதலுக்குச் சொன்னதுதான் அவளை விடவில்லை. அந்த இருக்கையில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்? யார் யார் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. சத்தமில்லாமல் இறங்கியவர்கள் யார்? பள்ளித் தவணை நடுவில் திடீரென்று வேனிலிருந்து நின்றுபோன ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். வீடு மாறுகிறார்கள் என்று சொன்னார்கள். பிறகும் அவர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அன்றைக்கு அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தாள். யாருக்கும் தெரியவில்லை. கல்யாண மண்டபத்துக் கதையை அதன்பின் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளி தன் பங்குக்குச் செய்தது. கட்டொழுங்கு ஆசிரியர் இரண்டு வீட்டாரையும் தனித்தனியே அழைத்தார். கிஷன் ஆண்டு முடியும் வரை குமுதாவிடம் போய் வந்தான். அவனுடைய அம்மா மட்டும் புஷ்பவல்லியை வாசலில் வைத்தே கேட்டாள்.

"பசங்க விளையாட்டுக்குப் போய் இவ்ளோ பெருசு பண்ணணுமா ஆன்டி? அவன கேப்டன்னு தூக்கி வச்சது யாரு? நீங்கதான?"

அடுத்த வாரம் அவனை வேறு வேனில் சேர்த்துவிட்டாள். புஷ்பவல்லி அவளோடு வாதம் செய்யவில்லை. கேட்டதில் பாதி சரி என்று அவளுக்குப் பட்டது.

மலர்விழி ஸ்பானரை எடுத்து வந்து அந்த இருக்கையைக் கழற்றினாள். அந்த இடத்தில் பைகளை அடுக்கினார்கள். வானொலி நின்றது. கேப்டன் பதவியும் நின்றது. பிள்ளைகளை இறக்கும் முறையை மாற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தானே இறங்கி, ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் அனுப்பினாள். முதலில் பிள்ளைகள் "ஓகே ஆன்டி" என்று ஓடினார்கள். பிறகு ஒருநாள், ஜவுளிக்கடைக்காரர் வீட்டுச் சின்னப் பெண் சஹர் ஓடாமல் நின்றாள்.

"நானும் மியாவ் சொன்னேன் ஆன்டி."

"ஏன்டா கண்ணு சொன்ன?"

"சொல்லலன்னா கிஷன் அண்ணன் என்னையே பாப்பாரு."

"இனிமே அந்த மாதிரி யாராவது பாத்தா ஆன்டிகிட்ட சொல்லு. நான் நம்புவேன்."

சஹர் தலையாட்டினாள். தான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவு சின்ன வாக்கியம்தான் என்று புஷ்பவல்லி வீட்டில் வந்து சொன்னாள்.

குகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் துடித்தாள். கேளுங்கள், ஆனால் அவன் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று குமுதா சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர்விழியின் காரில் போனாள். அவன் அறைக்குள் இருந்தான். வெளியே வரவில்லை. நாகையா கதவைத் தட்டப் போனார். அவள் தடுத்தாள். மூடிய கதவைப் பார்த்துப் பேசினாள்.

"குகா, ஆன்டி வந்திருக்கேன்பா. நீ சொல்ல வந்தப்ப நான் கேக்கல. நீ வரமாட்டேன்னு நின்னப்ப ஒன்னத் தூக்கி உள்ள வச்சேன். தப்பு என்னோடது. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"கேட்டிருப்பான் ஆன்டி" என்றார் நாகையா.

வாசலில் செருப்பை மாட்டும்போது, வேன் சத்தம் கேட்டால் அவன் இப்போதும் வீட்டுக்குள் ஓடிவிடுகிறான் என்று தனலெட்சுமி சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று சொன்னாள். மறுநாளிலிருந்து புஷ்பவல்லி அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போனாள். புதிதாகச் சேர்ந்த பெற்றோர் சிலர் "ஏன் ஆன்டி சுத்துறீங்க?" என்று கேட்டார்கள். "அந்தப் பக்கம் ரோடு சரியில்ல" என்றாள்.

மகனை விடப் போவதால் நாகையா காலை வியாபாரத்தின் நல்ல நேரத்தில் கடையில் இல்லாமல் போனார். அவள் பாசாருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்துக் கடைக்காரர்தான் அவருடைய மீனையும் பார்த்துக்கொண்டிருந்தார். முன் இருக்கை காலியாக இருக்கிறது, தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். நாகையா மீனைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அவனுக்காத் தோணட்டும் ஆன்டி."

அவள் காத்திருந்தாள். முன் இருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை. குகன் ஐந்தாம் ஆண்டு போனான், ஆறாம் ஆண்டு போனான். அவனுக்குத் தோணவில்லை.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மதியம். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வேனோடு வந்துகொண்டிருந்தாள். இடியோடு மழை பிடித்துக்கொண்டது. இடைநிலைப்பள்ளிக்கு முன்னாலிருந்த பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் தனியாக நின்றான். உயரமாகியிருந்தான். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. பையைத் தலைக்கு மேல் பிடித்திருந்த விதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூரை ஒழுகி, சாரல் அவனை முழுக்க நனைத்திருந்தது.

யோசிக்காமல் வண்டியை நிறுத்திவிட்டாள். ஜன்னலை இறக்கினாள்.

"குகா! ஏறுப்பா. வீட்டுல வுட்டுர்றேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வேனின் கதவைப் பார்த்தான். ஒரு அடி பின்னால் போனான்.

"வேணாம் ஆன்டி."

"அப்பா வர்றாரா?"

"பஸ் வரும்."

நனைஞ்சு ஜுரம் வந்துரும்டா, ஆன்டிதான, முன்னால ஒக்காரு, யாரும் இல்ல பாரு என்று அவளுக்குள் எல்லாமே வரிசையாக வந்து நின்றன. கை தானாகக் கதவுப் பக்கம் போயிருந்தது. இறங்கினால் இரண்டே எட்டு. அவனைக் கையைப் பிடித்து ஏற்றியிருக்கலாம். அவள் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள்.

வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினாள். அங்கிருந்து பக்கக் கண்ணாடியில் நிறுத்தம் தெரிந்தது. பஸ் வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட நேரம் வரவில்லை. பஸ் வந்ததும் குகன் ஏறினான். அது அவளைக் கடந்து போனபோது ஜன்னல்களெல்லாம் ஆவி பிடித்திருந்தன. அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்று தெரியவில்லை.

அன்று சாயந்தரம் மலர்விழி வேலை முடிந்து வந்தபோது, சமையலறையில் புஷ்பவல்லி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"குகனப் பாத்தேன். மழையில நின்னான்."

"ஏத்திக்கிட்டு வந்தீங்களாம்மா?"

"வேணாம்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்" என்றாள் புஷ்பவல்லி. பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "கம்பியப் பிடிச்சுக்கிட்டு அன்னிக்கும் அவன் இதத்தான் சொன்னான்."